சவப்பெட்டிக் கடையில் பலூன்

மனிதர்களில் எத்தனையோ வகை உண்டு. இன்று நாம் பார்க்கப்போவது 'என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே' வகை. இவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. வெப்சைட் கெட்டுக் கிடக்கிறது என்று ஊரே திரண்டு வந்து கதவைத் தட்டினாலும், தன் திரையை ஒருமுறை பார்ப்பார்கள், நிம்மதியாக மூச்சு விடுவார்கள், வந்தவரை இரக்கத்தோடு பார்ப்பார்கள், உங்கள் போன் பழசு என்பார்கள், இணையக் கம்பெனி சரியில்லை என்பார்கள், மழை என்பார்கள். வெயில் கொளுத்தினாலும் மழைதான்.

தூர தேசத்து ஊரான கொச்சபாம்பாவில் இருக்கும் ஹெர்லான் இந்த வகைக்கு நல்ல மாதிரி. கம்ப்யூட்டரைத் தொட்டவனெல்லாம் அந்த ஊரில் இன்ஜினியர் என்பதால் அவனும் இன்ஜினியர்.

அவனை நம்பி வந்தவர் தோன்யா நில்டா; 'தோன்யா' என்பது நம் 'அம்மா' போல அங்கே ஒரு மரியாதைச் சொல். அவருக்கு இரண்டு தொழில். ஒன்று, பெண் பிள்ளைகளின் பதினைந்தாவது பிறந்தநாளைக் கொண்டாடும் விழா மண்டபம். இன்னொன்று, இறுதிச் சடங்கு நிலையம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயரில் வெப்சைட் கேட்டார். ஹெர்லான் இரண்டையும் ஒன்றாகவே கட்டினான். எந்தப் பெயரைத் தட்டுகிறார்களோ அந்தக் கடை திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

கட்டும்போது சோதித்துப் பார்க்க வேண்டுமே? ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. அதில் ஒரு வெப்சைட்டின் பெயரை எழுதி, 'இந்தப் பெயரைக் கேட்டால் வெளியே தேடாதே, வீட்டுக்குள்ளேயே பார்' என்று சொல்லிவைத்தால் கம்ப்யூட்டர் கேட்டுக்கொள்ளும். அடக்கமானவர்கள் சோதனைக்கென்று ஒரு பொய்ப் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஹெர்லான் நிஜப் பெயர்களையே எழுதினான். நிஜப் பெயரைத் தட்டியதும் தன் வேலை கண்முன்னே வந்து நிற்கும் சுகம் பொய்ப் பெயரில் உண்டா? பிறகு எல்லாவற்றையும் வெளியே, ஊருக்கெல்லாம் வெப்சைட்டைக் காட்டும் சர்வரில் ஏற்றினான். எழுதிய வரிகளை அழிக்க மறந்தான். அன்றிலிருந்து ஊர் பார்த்தது சர்வரை. அவன் பார்த்தது தன் வீட்டை.

சர்வரிலோ, பெயரைப் பார்த்துக் கடையைத் திறக்கச் சொல்லும் வரி விட்டுப்போயிருந்ததால், எந்தப் பெயரைத் தட்டினாலும் விழா மண்டபமே திறந்தது.

சந்தையில் கடை வைத்திருக்கும் பெண்களின் சங்கம், தன் உறுப்பினர்களின் இறுதிச் சடங்குகளை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யும் நாள் வந்தது. நில்டா நடையாய் நடந்து பிடித்த வாய்ப்பு அது. காலையிலேயே மறுபடியும் போன் செய்தார்.

"இன்ஜினியரே, சவப்பெட்டி பாக்கப் போனா பலூன் வருது."

"இங்க சரியா வருதே, தோன்யா நில்டா. ரோஜா, மெழுகுவத்தி எல்லாம் இருக்கு."

"அப்போ துக்க வீட்டுக்காரங்களை உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

பக்கத்து மேசையில் வேலை செய்யும் மரிட்சா, ஒரு தடவை உன் போனில் பார்த்துவிடேன் என்றாள். போன் என்பது வேலைக்கான கருவியே அல்ல என்று, கையிலிருந்த சால்தேஞ்ஞா என்ற இறைச்சிப் பணியாரத்தின் சாறு முழங்கை வரை வழிய, ஹெர்லான் பொறுமையாக விளக்கினான். பிறகு தன் லேப்டாப்பையே கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். இந்த வகையின் உச்சகட்டச் சடங்கு இதுதான். நோயாளி படுக்கையில் கிடக்க, டாக்டர் தன் நாடியைக் காட்டி எல்லாம் நலம் என்பது.

என்ன கூத்து நடக்கப்போகிறதோ என்று மரிட்சாவும் கூடவே போனாள்.

கூட்டத்தில் லேப்டாப் ஜொலித்தது. ரோஜாக்களைப் பார்த்துப் பெண்கள் தலையாட்டினார்கள். சங்கத் தலைவி தோன்யா தொரிபியா மட்டும் தன் போனை எடுத்து, அதே பெயரைத் தட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாக வாசித்தார்: "மறக்க முடியாத இரவு. நீங்கள் ஆடினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

கூடம் குலுங்கிச் சிரித்தது. அண்மையில் கணவரைப் புதைத்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. நில்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க போன்ல ஏதோ பழசு தங்கியிருக்கும்," என்றான் ஹெர்லான்.

"என் போன்ல சரி. இவங்க எல்லார் போன்லயுமா, இன்ஜினியரே?"

சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. எல்லாவற்றிலும் பலூன். மரிட்சா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கோப்பைத் திறந்து, வரிகளை அழித்து, பெயரை மறுபடி தட்டினாள். ஹெர்லானின் திரையிலும் பலூன்கள் மிதந்தன.

அவன் ஒரு பலூனை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இது எப்போலேருந்து இப்படி இருக்கு?"

"நீங்க கட்டின நாள்லேருந்து," என்றார் நில்டா.

சர்வரைச் சரிசெய்ய, சுடச்சுட வைத்த கடலை சூப் ஆறுகிற நேரம்தான் ஆனது. அதற்குள் சங்கம் எதிர்த்தெரு நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவர்களுக்கு வெப்சைட்டே கிடையாது. வாசலில் ஒரு கறுப்புப் பலகை, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிகிற பலகை.

சிரிக்கிறீர்கள், நல்லது. கம்ப்யூட்டரையே தொடாதவர் நீங்கள், இந்த வகையில் எப்படிச் சேர்வீர்கள்? ஒரே ஒரு சந்தேகம். நீங்கள் பழக இனிமையானவர், கோபமே வராதவர், வீட்டில் எல்லோருக்கும் உங்களைப் பிடிக்கும், இல்லையா?

இந்த நல்ல பெயரை யாருடைய போனில் பார்த்தீர்கள், உங்களுடையதிலா, வீட்டில் இருப்பவர்களுடையதிலா?