அலமாரிக்குள் பீடி மணம்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வாயுக்கள் எப்படிப் பரவும் என்று பாடம் நடத்துகிற ஒரு வேதியியல் ஆசிரியர், வீட்டுக்குள் வந்த ஒரு மணத்துக்குப் பயந்து, அதை விரட்ட ஜெபக்கூட்டம் வைத்தார் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்த ஆசிரியர் நான்தான் என்பதால் சிரிக்கிற வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். தக்கலையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டில் வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். அவர் கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவருவதற்கு ஒரு வருடம் முன்பு இறந்துபோனார். பிள்ளைகள் இரண்டு பேரும் வளைகுடாவில். மாமி அதிகம் பேசமாட்டார். எதிர்ப்பட்டால், "சாப்பிட்டியளா மக்கா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கதவைச் சாத்திக்கொள்வார்.

என் மனைவி ஷைனிக்கு நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. காலையில் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவாள். எனக்குக் கோடை விடுமுறை. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் பின்னறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"பீடி குடிச்சியளா?"

"நானா?"

"பின்ன யாரு, இந்தச் சுவரா?"

நான் பீடியைத் தொட்டதே இல்லை. (சிகரெட்டை ஒருமுறை தொட்டிருக்கிறேன், கல்லூரி விடுதியில். நான் இருமிய இருமலில் நண்பர்களே பயந்து பிடுங்கிக்கொண்டார்கள்.) பெண் பார்க்கப் போன அன்று ஷைனி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, புகை பிடிப்பீர்களா என்பதுதான். அவளுடைய அப்பா புகை பிடித்தே நெஞ்சுச்சளியோடு மூச்சுக்குத் திண்டாடிப் போய்ச்சேர்ந்தவர். நான் இல்லை என்று சொன்னதை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள். அன்றிரவு தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் மத்தியானம் பின்னறைக்குப் போய் உட்கார்ந்தேன். மூன்று மணி வரைக்கும் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. முதலில் பீடி. அதன்பின் மூட்டுவலித் தைலத்தின் காரம். ஜன்னல் சாத்தியிருந்தது. திறந்து எட்டிப் பார்த்தேன். வெயிலில் ரப்பர் மரங்கள் அசையாமல் நின்றன, ஆள் அரவமே இல்லை. ஆனால் மணம் அறைக்குள் நின்றது. யாரோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகப் புகைக்கிற மாதிரி, விட்டு விட்டு வந்தது. கால்மணி நேரத்தில் பீடி போய்விட்டது. தைலம் மட்டும் தங்கியது.

நான் நாகர்கோவிலுக்குப் போய் ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கி வந்தேன்.

"சாரே, இது வைரஸையே பிடிச்சிரும். பீடி மணம் எல்லாம் எம்மாத்திரம்" என்றார் கடைக்காரர். வடிகட்டி புகையின் தூசியைப் பிடிக்கும், மணம் என்பது வாயு, அதைப் பிடிக்கக் கரி வேண்டும், அந்த மெஷினில் கரி ஒரு அப்பளத்தின் கனத்துக்குத்தான் இருக்கிறது, மணம் வருகிற இடத்தை அடைக்காமல் எந்த மெஷினை வைத்தும் பயனில்லை. இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தே வாங்கினேன். பயந்தவனுக்குப் படிப்பு துணைக்கு வராது.

ஷைனி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "குடிக்காத ஆளுக்கு இது என்னத்துக்கு?"

மெஷினை வாங்கியதே என் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

அதில் ஒரு விளக்கு உண்டு. காற்று சுத்தமாக இருந்தால் நீலம், கெட்டால் சிவப்பு. மறுநாள் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்று மணி வரை நீலம். மூன்று அடித்து இரண்டு நிமிடத்தில் யாரும் தொடாமல் விளக்கு சிவந்தது. விசிறி தானாகவே வேகம் பிடித்துச் சீறியது. அறையில் நானும் ஒரு கட்டிலும் சுவர் அலமாரியும் மட்டும். அப்போது அலமாரிக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. ஒரே ஒரு இருமல், அமுக்கினாற்போல்.

நான் டீக்கடையில் போய்த்தான் நின்றேன். செத்துப்போன வீட்டுக்காரர் பீடி குடிப்பாரா என்று கேட்டேன்.

"டிரைவர் அண்ணாச்சியா?" என்றார் டீக்கடைக்காரர். "மத்தியானம் மூணு மணிக்கு ஒரு பீடி. ஒண்ணே ஒண்ணு. அது முடிஞ்சா முட்டியில தைலம் தேய்ப்பாரு. கடைசி மூணு மாசம் காத்து வரும்னு மேல பின்னறையிலதான் கிடந்தாரு. ஏன் சாரே, டீ ஆறுதே."

அதன்பின் நான் செய்ததை வேதியியல் என்று சொல்ல முடியாது. கனமான கரி வடிகட்டி ஒன்றை வரவழைத்து மாட்டினேன். அலமாரியைத் திறந்து, மெஷினை அதன் வாயோடு ஒட்டி வைத்தேன். மணம் குறைய வேண்டுமே, கூடியது. இரண்டாம் நாள் ஒரு பீடியின் மணம் இல்லை, இரண்டு பீடி. ஐந்தாம் நாள் தைலம் கண்ணை எரித்தது. நான் விரட்ட விரட்ட அவர் கோபப்படுகிறார் என்று முடிவு கட்டினேன். (அவர் என்றுதான் நினைத்தேன். பேயானாலும் வயதில் மூத்தவர்.)

ஞாயிற்றுக்கிழமை ஷைனி வீட்டில் இருந்தாள். மூன்று மணிக்கு விளக்கு சிவந்ததும் இருமல் கேட்டதும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நீங்க குடிக்கல" என்றாள் மெதுவாக.

உயிர்போகிற பயத்திலும் எனக்கு அப்படியொரு நிம்மதி.

விஷயம் அவள் அம்மாவுக்குப் போய், அங்கிருந்து சபைக்குப் போய், சனிக்கிழமை இரண்டரைக்கெல்லாம் உபதேசியாரும் நாலு பெண்களும் ஷைனியின் அண்ணன் ஜெபசிங்கும் எங்கள் பின்னறையில் கூடிவிட்டார்கள். பாடினார்கள். மூன்று மணிக்கு விளக்கு சிவந்தது. பாட்டு நின்றது. மணம் எல்லார் மூக்கிலும் ஏறியதை முகங்களில் பார்த்தேன். உபதேசியார் அலமாரிக் கதவில் கைவைத்து, இந்த வீட்டைவிட்டு வெளியே போ என்று கட்டளையிட்டார். எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் கத்தினேன்.

"டிரைவரே, போயிரும். எங்கள விட்டுப் போயிரும்."

அறை அமைதியானது. விசிறி மட்டும் சீறிக்கொண்டிருந்தது. அலமாரிக்குள் இருமல். அதன்பின், பலகைக்குப் பின்னாலிருந்து, அழுத குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது.

"அவியள எங்க போவச் சொல்லுதிய மக்கா?"

உபதேசியார்தான் முதலில் ஓடினார். பெண்கள் நாலு பேரும் ஒரே கதவில் எப்படி நுழைந்தார்கள் என்று தெரியவில்லை. நான் ஏனோ மெஷினைத் தூக்கிக்கொண்டேன். வயர் சுவரிலேயே செருகியிருந்தது. படிவாசலில் அது என்னை ஒரு இழு இழுத்து விட்டது. ஏழு படி. மெஷினைக் கட்டிப்பிடித்தபடியே உருண்டு கீழே போய் மல்லாந்தேன். ஜெபசிங் என்னைத் தாண்டிக் குதித்துத் தெருவுக்குப் போனான்.

ஷைனி மட்டும் ஓடவில்லை. நிதானமாக இறங்கி வந்து, என்னைப் பார்த்து, பிறகு மாமியின் கதவைப் பார்த்தாள். அது ஒருக்களித்திருந்தது. அங்கிருந்து அதே பீடி மணம் வந்துகொண்டிருந்தது. உள்ளே போனாள். நான் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன்.

அந்த வீட்டுக்கு முன்பு உள்ளேயே ஒரு மரப்படி இருந்திருக்கிறது. மாடியை வாடகைக்கு விட்டபோது மேல்வாயைப் பலகையால் அடைத்து எங்கள் அலமாரியாக்கிவிட்டார்கள். கீழே அந்தப் படிகள் அப்படியே இருந்தன. முதல் படியில் டிரைவரின் போட்டோ, மடித்த காக்கிச் சட்டை, தைலக்குப்பி. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இரண்டு பீடி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மாமி முந்தானையால் வாயை மூடி உட்கார்ந்திருந்தார்.

"நாப்பது வருசம் இந்தப் பீடிக்காக அவியகூடச் சண்ட போட்டேன்" என்றார். "போன பிறவு வீட்டுல ஒரு மணமும் இல்ல. சட்டையில இருந்ததும் போயிட்டு. கொளுத்தி வச்சா அணைஞ்சிருது. ஒரு இழுப்பு இழுத்தாத்தான் பிடிக்கு."

ஷைனி தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்போ பத்து நாளா மணம் நிக்கவே மாட்டேங்கு. அவியளும் என்ன விட்டுப் போறாவளோன்னு பயந்துட்டேன். அதான் ஒண்ணுக்கு ரெண்டா கொளுத்தினேன். தைலத்தையும் அள்ளித் தேச்சேன். மேலேருந்து நீங்களும் போ, போங்கிய."

பத்து நாளுக்கு முன்புதான் நான் மெஷினை அலமாரியோடு ஒட்டி வைத்தேன். மேலே நான் உறிஞ்ச, கீழே அவர் கொளுத்த, ஒருவருக்கொருவர் பயந்து போட்டி போட்டிருக்கிறோம். அந்த மெஷின் உண்மையாகவே மணத்தை இழுத்ததா, அல்லது மாமியின் மூக்குதான் பழகிவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

கேட்டுக்கு வெளியேயிருந்து ஜெபசிங் கூப்பிட்டான். "மச்சான், உயிரோட இருக்கியளா? என்ன அது?"

மாமி என் கையைப் பிடித்தார். "பொம்பள பீடி குடிச்சான்னு வெளிய சொல்லிராத மக்கா."

ஷைனி என்னைப் பார்த்தாள். நான் கேட்டுக்குப் போனேன். தெருவில் செருப்பில்லாமல் ஆறு பேரும் நின்றார்கள்.

"பேய்தான்" என்றேன். "நான் அடிச்ச அடியில போயிட்டு."

அன்றைக்கு முடிந்தது என் மரியாதை. ஊரில் எந்தக் கல்யாணமானாலும் ஜெபசிங் பந்தியில் இந்தக் கதையைச் சொல்வான். ஏழு படி இப்போது இருபத்தொன்றாகிவிட்டது. பேய் என்னை இடுப்பில் உதைத்ததாக ஒரு காட்சியும் சேர்ந்துவிட்டது. ஜெபசிங்கின் பிள்ளைகள் என்னைப் "பேயோட்டி மாமா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலும் அந்தப் பேர் வந்து சேர்ந்துவிட்டது. மறுத்தால் மாமியைச் சொல்ல வேண்டும். அதனால் இலையைப் பார்த்துச் சாப்பிடுவேன். எதிர்ப்பந்தியில் ஷைனி தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

அந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தோம். மெஷின் முன்னறைக்குப் போனது. ஞாயிறுகளில் மூன்று மணிக்கு ஷைனி கீழே போய் மாமியோடு உட்காருவாள். பீடி மணமே ஆகாதவள், அங்கே ஒரு நாளும் மூக்கை மூடியதில்லை.

இதை எழுதலாமா என்று போன மாதம் மாமிக்கு போன் செய்து கேட்டேன். இவ்வளவு காலம் பழியைச் சுமந்துவிட்டேன், இனியாவது இறக்கிவைக்கிறேனே என்றேன்.

"எழுதிக்க மக்கா. பேரப் போடாத. ஒரே ஒரு இழுப்புதான்னு எழுது. முழுசும் குடிப்பேன்னு எழுதிராத."

"முழுசும் குடிப்பியளா மாமி?"

போனில் ஒரு இருமல்.

"அடுப்புல பால் வச்சிருக்கேன் மக்கா, வச்சிரட்டா?" என்றார்.