மூன்று ரேடியோவும் ஒரு சேதியும்

கீச்சென்று இரண்டு ரேடியோக்களும் ஒன்றையொன்று பார்த்து அலறின. ஜாலான் புசார் தெருவின் ஒரு மாடியறையில் குடியிருந்த இரும்புக்கடை ஊழியர் அப்துல் அலீம் காதைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை வந்த வினை. கடல் கடந்த உறவினருக்குச் சேதி வாசிக்கும் வெளிநாட்டு வானொலியில், "சிங்கப்பூர் அப்துல் அலீமுக்கு, நாகூரிலிருந்து மனைவி நஃபீசா சொல்லிக்கொள்வது" என்றார் அறிவிப்பாளர். அதோடு குரல் தேய்ந்து இரைச்சலில் கரைந்தது. ஒலி திரும்பி வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

என்ன சொல்லியிருப்பாள்? அடுத்த பெருநாளுக்குக் கூப்பிட்டுக்கொள்வதாக ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். போன மாதம் அவளிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பொறுமை தீர்ந்துவிட்டதோ?

மறு ஞாயிறும் அதே சேதிகளை இன்னொருமுறை வாசிப்பார்கள். முடிதிருத்தும் கோவிந்தசாமி யோசனை சொன்னார்.

"அந்த ஸ்டேஷன் மூணு அலைவரிசையில வருது, பாய். ஒண்ணு மங்குறப்ப இன்னொண்ணு தெளிவா இருக்கும் லா."

தன் ரேடியோவையும் தூக்கிவந்தார். அதனால்தான் இந்த அலறல். ஒன்றை மாடிப்படிக்கு இறக்கினார்கள்; அதனருகே அலீம், அறையில் கோவிந்தசாமி. மூன்றாவது அலைவரிசைக்குக் கீழ்வீட்டுப் பூவம்மாவின் ரேடியோ, அவர் சமையற்கட்டிலேயே. மூவர் காதில் விழுந்ததையும் ஒட்டவைத்தால் முழுச் சேதியும் கிடைத்துவிடும். யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது என்று அலீம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நேரம் வந்தது. நஃபீசாவின் பெயர் கணீரென்று ஒலித்தது. உடனே படிக்கட்டு ரேடியோ மங்கியது. அலீம் அறைக்கு ஓடினார். அவர் நுழையவும் அதுவும் மங்கியது. படிக்கட்டில் குரல் மறுபடி எழுந்தது. திரும்பி ஓடினார். ஏரியல் கம்பி காலில் சுற்றி அறுந்தது. இதற்கு நடுவில் கீழே தெருக்கதவு தட்டும் சத்தம் வேறு. பல்லைக் கடித்தார்.

"கப்பல்னு சொல்றாங்க, பாய்" என்று கோவிந்தசாமி அறையிலிருந்து கத்தினார். அந்தக் கத்தலில் அடுத்த வரி மூழ்கிப்போனது.

எந்தக் கப்பல்? அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

இனிப் பூவம்மாதான் கதி. அலீம் இறங்கி ஓடியபோது, சமையற்கட்டில் ரேடியோ தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. பூவம்மா தெருவாசல் பக்கமிருந்து வந்தார்.

"நஃபீசா என்ன சொன்னா, அக்கா? நீங்களாவது கேட்டீங்களா?" என்று கேட்டார் அலீம்.

"நான் எங்க தம்பி கேட்டேன்? வாசல்ல ஒரு அம்மா டிரங்குப் பெட்டி மேல உக்காந்திருக்காங்க. 'அவரக் கூப்பிடவா'ன்னு கேட்டா, 'வேணாம், ரேடியோவுல என் பேரு வருது, அவரு கேட்டு முடிக்கட்டும்'ங்கிறாங்க."