லேப்டாப்புக்குச் சந்தனக்காப்பு

தன்னைத் தவிர ஒரு ஈ கூட அந்த லேப்டாப்பைத் தொடக்கூடாது என்று தீனதயாளன் வீட்டில் சட்டம் போட்டிருந்தான். சிறுசேரியில் ஒரு கம்பெனி. அமெரிக்காக்காரனுக்காக அங்கே ராத்திரி வேலைக்கு வருகிறவர்களை எந்த வண்டி எங்கே ஏற்ற வேண்டும் என்று பட்டியல் போடுவது அவன் வேலை. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரே வாரம். கம்பெனி கொடுத்த லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால், பல்லக்குத் தூக்குகிறவன் மாதிரிதான் நடப்பான்.

"பொம்பளைங்க கை பட்டா வைரஸ் வரும்," என்று மனைவி ரேணுகாவிடம் சொல்லி வைத்திருந்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். அம்மை மாதிரி அதுவும் ஏதோ ஒட்டுவாரொட்டி என்று பயந்து, ஒன்றரை வயசுப் பாப்பாவையும் இழுத்துக்கொண்டு எட்டியே இருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. பைக், அருவாமணை, கேஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் ரேணுகா பொட்டு வைத்தாள். லேப்டாப்புக்கு மட்டும் அவனே வைத்தான். பொட்டா அது? மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கிற மாதிரி மேலே, பக்கவாட்டில், சந்து பொந்தில் எல்லாம் குழைத்துக் குழைத்து அப்பினான்.

மறுநாள் விஜயதசமி. அமெரிக்காக்காரனுக்கு ஏது விஜயதசமி? நாலு மணிக்குள் அன்றைய வண்டிப் பட்டியல் போயாக வேண்டும். போகாவிட்டால் அறுபது பேர் ராத்திரி தெருவில் நிற்பார்கள். அறுபத்தோராவது ஆளாகத் தீனதயாளனும் நிற்க வேண்டியதுதான். பட்டியலோ அந்தப் பெட்டிக்குள். ரெண்டு மணிக்கு வாழையிலையிலிருந்து லேப்டாப்பை எடுத்து பட்டனை அமுக்கினான்.

இருட்டு.

ஆபீஸ் கூட்டாளி காசிநாதனுக்குப் போன் போட்டான்.

"மச்சான், லேப்டாப்பு கண்ணே தொறக்கலடா!"

"சார்ஜர சொருகினியா?"

"பேட்டரி முந்தாநேத்தே தீந்துபோச்சி, சார்ஜரயும் சொருகிட்டேன். சார்ஜர் கட்டைல பச்ச லைட்டு எரியிது. லேப்டாப்புல ஒண்ணுங் காணோம்."

"பேட்டரிய கழட்டு. பட்டன அமுக்கிக்கினே முப்பது எண்ணு. அப்பறம் திருப்பி மாட்டு."

எண்ணினான். ஒவ்வொரு எண்ணுக்கும் பாப்பா கை தட்டியது. முப்பது வந்தது, வெளிச்சம் வரவில்லை. மிக்சியைப் பிடுங்கிவிட்டு அந்த பாயிண்டில் சொருகினான். தட்டினான். ஊதினான். "ராசா, எழுந்திருடா," என்று கெஞ்சினான். சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டா?"

"இன்னா?"

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லுன்னா ஒண்ணுமில்லன்ற!"

"நம்ம அடுப்பு நேத்து சாயங்காலம்..."

"இங்க என் பொழப்பே போவப் போவுது. நீ அடுப்புக் கதைய எடுத்துக்கினு வர்றியா?"

ரேணுகா பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ரோட்டு மேல ரிப்பேர் கடை ஏதாச்சும் தொறந்து கீதான்னு பாத்துட்டு வாங்களேன்," என்றாள், தரையைப் பார்த்தபடி. அது அவனுக்கே தோன்றிய யோசனை போலப் பட்டதால் உடனே கிளம்பினான்.

ஒரு கடையும் திறக்கவில்லை. வாசலுக்கு வாசல் உடைத்த பூசணிக்காய்தான் கிடந்தது. மூணே காலுக்குத் தொங்கிய முகத்தோடு திரும்பினால், ரேணுகாவின் மடியில் லேப்டாப். கையில், வளையலிலிருந்து கழற்றிய ஊக்கு.

"அடிப்பாவி! தொட்டுட்டியா!"

"ஒயர புடுங்கிட்டுத்தாங்க தொட்டேன்." பயத்தோடு உள்ளங்கையை நீட்டினாள். மஞ்சள் மஞ்சளாகத் தூள். "சார்ஜர் சொருவுற ஓட்டையில நீங்க அப்புன சந்தனம் காஞ்சி கல்லா கெடந்திச்சி. கரண்டு எப்டிங்க உள்ள போவும்? அடுப்பும் நேத்து இப்டித்தான் அடைச்சிக்கிச்சி. இதே ஊக்காலதான் குத்தி எடுத்தேன்."

தீனதயாளன் லேப்டாப்பைப் பிடுங்கிச் சார்ஜரைச் சொருகினான். லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. பட்டனை அமுக்கினான். திரை விடிந்தது! மூணு அம்பதுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

தீனதயாளன் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னான். சரஸ்வதிக்குச் சொன்னான். மிக்சி பாயிண்டுக்குக்கூடச் சொன்னான். கடைசியில் ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ இல்லன்னா இன்னிக்கு நம்ம வூட்டுல ஒல கொதிச்சிருக்காதுடி."

"வைரஸ் ஒண்ணும் வந்திடாதுங்களே?" என்று அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிஜமாகக் கேட்டாளா, குத்திக் காட்டினாளா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அப்போது காசிநாதன் போனில் வந்தான்.

"பட்டியல் வந்திச்சி மச்சான்! எப்டிடா சரியாச்சி?"

ஒரு நொடி நன்றி மறந்தது. "சின்ன பிராப்ளம்டா. நானே சரி பண்ணிட்டேன்."

"தெய்வம்டா நீ! நான் இப்பத்தான் ஆபீசுக்கு வந்தேன், இங்க எட்டு லேப்டாப்பும் எழுந்திரிக்கல. முந்தாநேத்து ஆபீஸ் பூசைல எல்லாத்துக்கும் நீதான சந்தனம் பூசின? மேனேஜர் உன் பேரச் சொல்லித் திட்டிக்கினு கீறாரு. காலைல மொத வேலையா வந்து சரி பண்ணிடு, ஆமா!"

போனை வைத்த தீனதயாளன், ஊக்கை வாங்கி வேறொரு ஓட்டையில் பழகிப் பார்த்தான். இரண்டாவது குத்தில் கட்டை விரலில் ரத்தம் வந்தது.

"ரேணுகா... நாளைக்கு ஆபீசுக்கு வர்றியா?"

"ஐயோ, வெக்கமா கீதுங்க. யார்னா இங்கிலீசுல கேட்டா?"

"ஓட்டைக்கு இங்கிலீசு தெரியாது. நீ வா, தாயி."

மறுநாள் கம்பெனி வரவேற்பு மேசையில் எட்டு லேப்டாப்பும் வரிசையாக இருந்தன. ரேணுகா குனிந்த தலை நிமிரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய நிபுணர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று மேனேஜரே காபி கொண்டுவந்து வைத்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தீனதயாளன். இடுப்பில் பாப்பா, தோளில் பால்புட்டிப் பை. உள்ளே ஒவ்வொரு லேப்டாப் விழிக்கும்போதும் ரேணுகா இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். எட்டாவது கும்பிடு போட்டபோது, புதிதாகச் சேர்ந்திருந்த காவல்காரர் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாத்த, நீங்க அந்த மேடத்தோட டிரைவரா?"

"ஆமாங்க!" என்றான் தீனதயாளன், வாயெல்லாம் பல்லாக.