காலு அண்ணாச்சி

கால்பந்தில் பந்து காலில் படக்கூடாது என்று மனதார நம்பிய ஒரே கோச், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் எங்கள் காலு அண்ணாச்சிதான்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கோவில்பட்டியில் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே ஹாக்கி மட்டையைப் பிடித்துவிடும். அண்ணாச்சி பாதி ஆயுளை ஹாக்கி நடுவராக ஓட்டியவர். ஹாக்கியில் பந்து எவன் காலிலாவது உரசினால் தப்பு. அவர் "காலு!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் ஆட்டம் நிற்கும், வேலியோரம் போகிற சைக்கிளும் நிற்கும்.

பகலில் அவருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் ஸ்டாண்டு. போன வருடம் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்குக் கோச்சே கிடைக்காதபோது, கழுத்தில் விசிலோடு தானாக வந்து நின்றார். அணிக்குப் பொறுப்பு நான். தமிழ்த்துறைக்காரனுக்குச் சாயங்காலம் என்ன வேலை இருக்கப்போகிறது என்று முதல்வர் நினைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் பயிற்சி. கேப்டன் மாரி பந்தைத் தொட்டான். விசில். "காலு!"

"அண்ணாச்சி, இது புட்பாலு."

"தெரியும்லே. பழக்கதோசம். நீ ஆடு."

ஆடினான். "காலு!"

"பேர்லயே காலு இருக்குல்லா, அண்ணாச்சி!"

"அதாம்லே எனக்கும் உறுத்துது."

விசிலைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். குரலை எந்தப் பைக்குள் போடுவது?

முதல் ஆட்டம் தூத்துக்குடி அணியோடு. மாரி எல்லோரையும் தாண்டிவிட்டான். எதிரே காலி கோல். தட்டினால் போதும். எல்லையோரத்திலிருந்து எழுந்தது அந்தச் சத்தம். மாரி அப்படியே நின்றான். கையையும் தூக்கினான். கடற்கரைப் பையன்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. பந்தை எடுத்துப்போய் எங்கள் கோலில் போட்டார்கள்.

அப்புறம் மழை. கரிசல் வருடமெல்லாம் மழையைக் கேட்கும். மழை வந்துவிட்டால் ஆளைக் கேட்கும். பையன்கள் ஆளுக்கு அரை ஏக்கர் நிலத்தைப் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு ஓடினார்கள். தோற்றோம். வெயில் வந்தது, நிலம் வெடித்தது, பந்து வெடிப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. தோற்றோம்.

முதல்வர் கூப்பிட்டார். கடைசி ஆட்டத்தில் டிராவாவது வேண்டும். அதிலும் தோற்றால் அணி கலைக்கப்படும். மைதானம் முழுக்க ஹாக்கிக்கு. செய்தியைச் சொன்னபோது மாரி பூட்ஸ் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹாக்கி மாதிரிக் குனிஞ்சு ஆட எனக்கு வராது சார். இதுவும் போச்சுன்னா, நாலு மணி பஸ்ஸப் புடிச்சு எங்க ஊரு புதூருக்குப் போய் ஆட்டைப் பத்திக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்."

மறுநாள் அண்ணாச்சி எல்லோரையும் தன் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். வண்டிகள் வரிசை வரிசையாக நெருக்கி நின்றன.

"பாருங்கலே. ரெண்டு வண்டிக்கு நடுவுல வெரலு போகுதா? கோலு முன்னால இப்படி நில்லுங்க. எவன் உள்ள வருவான்?"

"நாம எப்படி அண்ணாச்சி வெளிய போறது?"

"நமக்கு வெளிய என்னலே சோலி?"

கடைசி ஆட்டம் பக்கத்துக் கல்லூரியோடு. முந்தின ராத்திரி மறுபடி மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்தது. அவர்களுடைய முன்வரிசைக்காரன் அண்ணாச்சியின் தெருப்பையன். சின்ன வயசில் அவர் விசிலுக்கு ஹாக்கி ஆடியவன். அண்ணாச்சி துண்டைச் சுருட்டித் தன் வாயில் தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையன்கள் வண்டிகளாக நின்றார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியும் நேரம். இந்தத் தெருப்பையன் எங்கிருந்தோ சந்து கண்டுபிடித்து நுழைந்துவிட்டான். எங்கள் கீப்பர் சேற்றில் குப்புறக் கிடக்கிறான். கோல் திறந்த வீடு.

துண்டு தெறித்து விழுந்தது.

"காலு!"

பையன் நின்றான். கையைத் தூக்கினான். ஒரு அடி பின்னாலும் போனான். "ஆமா, காலுதான்" என்றது கூட்டம். நடுவர்கூட விசிலை வாய்வரை கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். ஒரு சீசன் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன எங்கள் பையன்கள் மட்டும்தான் நிற்கவில்லை. மாரி பாய்ந்து வந்து பந்தை வேலிக்கு அப்பால் உதைத்தான்.

நடுவர் வந்து அண்ணாச்சிக்கு நேராகச் சிவப்பு அட்டை காட்டினார்.

"மொதத் தப்புக்குப் பச்சைல்லா காட்டணும்?"

"அது ஹாக்கில, அண்ணாச்சி. இது புட்பாலு."

"இதையேதான் எல்லாரும் சொல்லுதீங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டபடி வெளியே நடந்தார்.

மிச்ச நேரம் எப்படிப் போனதென்று தெரியாது. கடைசி விசில் கேட்டபோதுதான் நான் மூச்சு விட்டேன். நனைந்த கரிசல் வாசம் நெஞ்சு நிறைய வந்து இறங்கியது. டிரா. பட்டியலில் கடைசி இடம்தான். ஆனால் அணி உண்டு. பையன்கள் ஒருவன் மேல் ஒருவன் விழுந்து புரண்டு, எவன் எவனென்று தெரியாத ஒரே கறுப்புக் குவியலாகிக் கிடந்தார்கள்.

வாசலில் அந்தத் தெருப்பையன் அண்ணாச்சியை மடக்கினான். "நெசமாவே காலா, அண்ணாச்சி?"

"காலுதாம்லே. நீ வேற எதாலலே ஒதைப்ப?"

இந்த வருடம் பயிற்சி தொடங்கியதும், இனி வாயே திறப்பதில்லை என்று துண்டும் வாயுமாக எல்லையோரம் வந்து உட்கார்ந்தார். ஒரு வாரம் மைதானம் இழவு வீடு போலக் கிடந்தது. மாரிதான் போய்த் துண்டை உருவினான்.

"கத்துங்க அண்ணாச்சி. காலு சத்தம் கேக்காம எங்களுக்குக் காலே ஓட மாட்டேங்கு."

நான் பைக்குள் கைவிட்டுத் தேடி, விசிலை எடுத்து, வேட்டியில் துடைத்து, அவர் கழுத்தில் போட்டேன்.