நாற்காலியில் ஓடி முடித்த பந்தயம்

ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுக்கிறவளுக்கு அறிவு கொஞ்சம் மட்டுதான் என்று நீங்கள் நினைத்தால், நானும் உங்கள் கட்சி. என்ன செய்ய, பேர் கொடுத்ததே நான்தான்.

பிரீ டிகிரி படிக்கும்வரை நான் ஓடிக்கொண்டிருந்தவள். வெறுங்கால், இழுத்துச் செருகிய தாவணி. ஜில்லா போட்டிக்குத் தேர்வான வாரமே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அப்புறம் ஓடியதெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னாலும் மாட்டுக்குப் பின்னாலும்தான். (மாடுதான் எப்போதும் ஜெயிக்கும்.)

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர் எங்களுடையது. பஞ்சாயத்து விளையாட்டு விழாவில் ஐம்பது தாண்டிய பெண்களுக்கு நூறு மீட்டர் என்று மைக்கில் சொன்னதும் உள்ளங்கால் குறுகுறுத்தது. மறுநாள் விடியலிலேயே வாய்க்கால் கரையில் ஓட ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, எப்படி ஓடறேன்?"

தென்னைக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "நல்லாத்தான் ஓடற சரசு. ஆனா ஒருநாள் உட்டு ஒருநாள் ஓடு. காலு ஆறோணுமல்லொ."

பிசியோதெரபி படித்த மருமகளும் சேர்ந்துகொண்டாள். "அத்தை, ஓடறப்ப தசைக்கு வலு வராதுங்க. அப்புறம் ஓய்வெடுக்கறப்பத்தான் வரும். வயசாக வயசாக அதுக்கு நேரமும் கூட வேணுமுங்க."

"நாப்பது வருசமா ஓய்வுதானே எடுத்தேன்? அது போதாதா?" என்றேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. அன்றைக்கும் ஓடினேன்.

விசில் ஊதியதும் பறந்தேன். சத்தியமாகப் பறந்தேன். முன்னால் யாருமில்லை. காதில் காற்று. வயது பதினெட்டு.

பாதி தூரத்தில் கெண்டைக்காலில் சுளீரென்றது. தடுமாறிக் கையை நீட்டினேன். அகப்பட்டது, பின்னாலிருந்து எட்டிப் பிடித்த வார்டு மெம்பரம்மாவின் முந்தானை. அவரும் என்னோடு மண்ணுக்கு வந்தார்.

"ரெண்டு சேச்சிமாரும் வீணு!" என்று மைக் மலையாளத்தில் அலறியது. (விழுந்துவிட்டோமாம். எங்களுக்குத் தெரியாதா?)

மெம்பரம்மா தூசியைத் தட்டிவிட்டு ஓடி முடித்தார். எனக்கோ காலை ஊன்ற முடியவில்லை. வீட்டுக்காரரும் மகனும் பந்தலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, என்னை உட்காரவைத்துத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் நின்றது எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம். சாமி புறப்பாடு மாதிரி கோட்டைத் தாண்டினேன். கூட்டம் கைதட்டியது. நான் முகத்தை மூடிக்கொண்டேன். வலி என்று நினைத்தார்கள். அந்தக் கோட்டை என் காலால் தாண்ட எத்தனை காலம் காத்திருந்தேன் என்று யாரிடம் சொல்ல?

இப்போது ஒருநாள் ஓட்டம் (மருமகள் அதை நடை என்கிறாள்), மறுநாள் ஓய்வு. ஓய்வு நாள்தான் கஷ்டம். விடியலில் முழிப்பு வந்துவிடும். ஜன்னல் வழியே பார்த்தால் வாய்க்கால் கரை காலியாகக் கிடக்கும்.

விருந்தாளிக்கு யாராவது பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினால் போதும், "என்னப்பா, அம்மாவுக்கு இன்னைக்கு ஓட்டமா?" என்பான் மகன். வந்தவர் முழிப்பார். வீட்டுக்காரர் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் கதையில், நான் விழுவதற்கு முன்னால் ஓடிய தூரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுகிறது.

நான் திருத்துவதில்லை.