முகத்துவாரம் வெட்டப்படுமா? இன்றேல், ஏன்?

“இன்றேல், ஏன்?” என்ற கடைசிச் சொற்களை வாசித்து முடித்தபோது பிரதி அமைச்சர் ஜெராட்டின் தேநீர் ஆடை கட்டியிருந்தது.

கேள்வி கொழும்பிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. மட்டக்களப்பு முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டி, வாவியில் நிரம்பியுள்ள வெள்ளத்தைக் கடலுக்குள் விட அரசாங்கம் நடவடிக்கை எடுக்குமா? ஆம் எனில், எப்போது? இன்றேல், ஏன்? கேட்டிருந்தவர் எதிர்க்கட்சி உறுப்பினர் கோணாமலை. பதில் சொல்ல வேண்டியவர் அனர்த்த முகாமைத்துவ அமைச்சர். அவர் அனர்த்தங்களைப் பற்றிய மாநாடு ஒன்றுக்காக வெளிநாடு போயிருந்தார், தம் அதிகாரிகளையும் அழைத்துக்கொண்டு.

ஜெராட் தமது செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தார்.

“நான் வெளிநாட்டு அலுவல்கள் பிரதி அமைச்சர். முகத்துவாரம் உள்நாட்டிலதானே கிடக்கு?”

“ஓம் சேர். ஆனா உங்கட ஊர் எண்டபடியா அமைச்சர் சார்பில நீங்கதான் பதில் சொல்லணுமாம். மேலிடத்தில முடிவெடுத்திட்டாங்க. புதன்கிழமை.”

ஊர் என்பதுதான் பிரச்சினை. மனைவி பிரஷாந்தி மண்டூர்க்காரி. அவள் தகப்பனாரின் வயல் இருந்த வட்டை, அந்த நெல்வெளி முழுவதும், வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. திட்டை வெட்டினால் இரண்டொரு நாளில் நீர் வடியும். அக்கா றீற்றாவின் கணவரோ வாவியில் இறால் பிடிப்பவர். திட்டை வெட்டினால் நீரோடு இறாலும் கடலுக்குப் போய்விடும். ஜெராட்டுக்கு மாமாவும் வேண்டும், அத்தானும் வேண்டும். இருவர் பக்கத்து வாக்குகளும் வேண்டும்.

“வழமை போல சபாபீடத்தில சமர்ப்பிச்சிடுவம்,” என்றார் ஜெராட். பதிலை வாசிக்காமல் தாளாகக் கொடுத்துவிட்டு உட்காரும் அந்த வசதியான வழக்கத்தை அவர் அமைச்சரான நாள் முதல் கைவிட்டதில்லை. சபையில் அவர் குரல் ‘சமர்ப்பிக்கிறேன்’ என்ற அந்த ஒரு வசனத்துக்கு மேல் கேட்டதுமில்லை.

மண்டபத்தின் மூலையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த பெரியப்பா சிறில் பத்திரிகையை மடித்தார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் தலைமை லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டியிருப்பவர். புளியந்தீவில் அவர்கள் குடும்பத்தவர் எவரும் நாலு பேர் முன்னால் வாயடைத்து நின்றதில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து.

“தாளக் குடுத்திட்டுக் குந்துறதுக்கு உன்னை அனுப்பல்ல, மனே. அதுக்குத் தபால்காரன் ஒருத்தனே காணும்.”

“பெரியப்பா, இதுல வாயத் திறந்தா ஒரு பக்கம் போயிடும்.”

“திறக்காட்டி ரெண்டு பக்கமும் போகும். மறுகா நம்மட பேரும் போகும்.”

ஜெராட் வேறு வழி தேடினார். பதிலுக்கு இரண்டு வாரகால அவகாசம் கேட்கலாம். அதைச் சொன்னதும் பிரஷாந்தி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

“ரெண்டு கிழமையா? அதுக்குள்ள நெல்லு அழுகிடும். அப்பா அந்தத் தண்ணிக்குள்ளயே இறங்கி நிக்கிறார். வந்து பாருங்க, உங்கட அவகாசத்தை!”

அவகாசம் கைவிடப்பட்டது. அடுத்து, கேள்வி கேட்பவரையே தடுப்பது என்று ஜெராட் தீர்மானித்தார். கோணாமலை அன்று சபைக்கு வராவிட்டால் கேள்வி தள்ளிப்போகும். ஆனால் ஓர் அமைச்சர் எதிர்க்கட்சிக்காரரின் வீட்டுப் படியேறுவது அழகில்லை.

“கோணாமலையை என்ட கையில விடு,” என்றார் சிறில். “அவன் என்னோட கச்சேரியில வேலை செய்தவன். நான் கதைக்கிறன்.”

அன்று மாலையே குடையும் கோட்டுமாகப் போனார். திரும்பி வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார்.

“என்ன சொன்னார், பெரியப்பா?”

“கதைச்சாச்சு.”

சிறில் ‘கதைச்சாச்சு’ என்றால் அதற்கு மேல் எவரும் கேட்பதில்லை. ஜெராட் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். ஆனாலும் எதற்கும் ஒரு பதில் கையில் இருக்கட்டும் என்று செயலாளரிடம் சொன்னார். வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் அதிகாரி ஒருவர் அதை எழுதி அனுப்பினார். இரண்டு நாடுகளையும் மனம் நோகாமல் வைத்திருக்கும் உடன்படிக்கைகளை எழுதிப் பழகிய கை அது.

‘முகத்துவாரம் தொடர்பில், உரிய தரப்பினருடன் கலந்தாலோசித்து, உரிய வேளையில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’

ஜெராட் அதைப் பிரஷாந்திக்கு வாசித்துக் காட்டினார். அவள் முகம் மலர்ந்தது.

“நடவடிக்கை எடுக்கப்படும் எண்டா வெட்டப்போறாங்க எண்டுதானே? அப்பாக்கு இப்பவே சொல்றன்.”

றீற்றா வந்தபோது அவளுக்கும் வாசித்துக் காட்டினார். அவள் முகமும் மலர்ந்தது.

“உரிய வேளை எண்டா மழை விட்ட மறுகாதானே? அதுக்குப் பிறகு ஆருக்கு வெட்டத் தேவை? நீ கெட்டிக்காரன்டா, தம்பி! அத்தானிட்டச் சொல்லிட்டு வாறன்.”

ஒரே வசனத்தில் இரண்டு பேரை மகிழ்வித்த திருப்தியுடன் ஜெராட் கொழும்புக்குப் புறப்பட்டார். பெரியப்பாவும் வேறு வாகனத்தில் வருவதாகச் சொன்னார். பாராளுமன்றத்தின் பார்வையாளர் கலரியில் உட்கார்ந்து பார்க்க அவருக்கு வெகு நாளாக ஆசையாம்.

வழியில், பொலன்னறுவையைத் தாண்டுவதற்குள் பொலிஸ் பொறுப்பதிகாரியின் அழைப்பு வந்தது.

“சேர், முகத்துவாரத்தில ஒரு சின்னப் பிரச்சினை. வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து விவசாயிகள் மண் வெட்டுற பெக்கோ இயந்திரத்தோட வந்து திட்டில நிக்கிறாங்க. மீன்பிடிக்காரர் தோணிகளைக் குறுக்கால கட்டி வச்சிருக்காங்க.”

“விலக்கி விடுங்க!”

“எந்தப் பக்கத்த, சேர்? ரெண்டு பக்கமும் உங்கட படம் போட்ட பதாகைதான் பிடிச்சிருக்காங்க. ஒண்டில ‘வெட்டும் வீரருக்கு நன்றி’. மற்றதில ‘வெட்டவிடாத வீரருக்கு நன்றி’. படம் ஒரே படம்.”

“பெக்கோவில ஆர் இருக்கிற?”

“உங்கட மாமா. தோணியில உங்கட அத்தான். ஆரையும் தொட எங்களுக்குப் பயமாக் கிடக்கு.”

ஜெராட் இரு தரப்பையும் அமைதிப்படுத்த எண்ணி, தமது முகநூலில் ஒரு வரி போட்டார்: ‘நாளை சபையில் என் பதிலைக் கேளுங்கள்.’ அவ்வளவுதான். அதுவரை சபையைத் திரும்பிப் பாராத மாவட்டம் முழுவதும் புதன்கிழமை காலை தொலைபேசித் திரையின் முன்னால் உட்கார்ந்தது. முகத்துவாரத்தில் ஒருவர் பெரிய திரையே கட்டிவிட்டார்.

பரவாயில்லை, கோணாமலை வரமாட்டார் என்று நினைத்தபடி ஜெராட் சபைக்குள் நுழைந்தார்.

எதிர்வரிசையில் கோணாமலை திருநீறும் வேட்டியுமாக அமர்ந்திருந்தார். ஜெராட்டைப் பார்த்துக் கைகூப்பினார்.

ஜெராட் கலரியை அண்ணாந்து பார்த்தார். பெரியப்பா கோட்டுடன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு மாறிய கோணாமலையைக் கண்டு அவர் முகத்தில் ஒரு கோபமும் தெரியவில்லை.

கேள்வி எழுப்பப்பட்டது. ஜெராட் எழுந்து, உரிய தரப்பினர், உரிய வேளை, உரிய நடவடிக்கை எல்லாவற்றையும் வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

கோணாமலை மீண்டும் எழுந்தார்.

“கௌரவ சபாநாயகர் அவர்களே, எனது மேலதிகக் கேள்வி. வெட்டுவதா, வெட்டாமல் விடுவதா? கௌரவ பிரதி அமைச்சர் ஒரு சொல்லில் கூறுவாரா?”

ஜெராட் அதிகாரிகள் அமரும் பகுதியை நோக்கிக் கையை நீட்டினார். அனர்த்த அமைச்சின் அதிகாரிகள்தான் மாநாட்டில் இருந்தார்களே. அங்கே தனியே அமர்ந்திருந்தவர் வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் அதிகாரி. அடுத்ததாக வரவிருந்தது தொலைதூர நாடொன்றின் எல்லைச் சண்டை பற்றிய கேள்வி. பிரதி அமைச்சர் கை நீட்டியதும் அவர் தம்மிடமிருந்த ஒரே துண்டுக் குறிப்பை, அந்தக் கேள்விக்கான பதிலை, அனுப்பிவிட்டார். ஜெராட் அதை உரத்த குரலில் வாசித்தார்.

“அங்கு நடப்பது அவர்களின் உள்விவகாரமாகும். அதில் இலங்கை தலையிடாது. இரு தரப்பினரும் பொறுமை காக்க வேண்டும். நிலைமை மோசமானால், அங்குள்ள இலங்கையரை அழைத்துவர விமானம் ஒன்று தயாராக உள்ளது.”

சபையின் இரு பக்கமும் சேர்ந்து சிரித்தது. “மட்டக்களப்புக்கு விசா வேணுமா?” என்று பின்வரிசையில் எவரோ கேட்டார். சபாநாயகர் அமைதி, அமைதி என்றார். அவருடைய தோள்களும் குலுங்கின.

ஜெராட் கலரியைப் பார்த்தார். அங்கே சிரிக்காதவர் ஒருவர்தான். சிறில் எழுந்து போகவுமில்லை, தலையைக் குனியவுமில்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, நேரே ஜெராட்டைப் பார்த்தபடி இருந்தார்.

ஜெராட் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பதில் இருந்த கோப்பையும் மூடினார்.

“வெட்டணும்,” என்றார்.

சிரிப்பு நின்றது.

“நாளைக்கே வெட்டணும். வட்டைக்குள்ள இடுப்பளவு தண்ணி நிக்கிது. ஒரு மாவட்டத்தின்ட சோறு அதுக்குள்ள அழுகுது. வெட்டினா இறால் கடலுக்குப் போயிடும், அதுவும் உண்மை. என்ட சொந்த அத்தான் அந்த வாவியை நம்பித்தான் சீவிக்கிறார். வாவிக்காரருக்கு நட்டஈடு எழுத்தில வராம ஒரு பெக்கோவும் மண்ணில வாய் வைக்கக்கூடாது. மாநாட்டில இருக்கிற அமைச்சரிட்ட இண்டைக்கே நான் இந்தப் பக்கத்தில இருந்து அதைக் கேட்பன். தராட்டி, அந்தப் பக்கத்தில போய் இருந்து கேட்பன்.”

எதிர்க்கட்சியினர் மேசையில் தட்டினார்கள். அரசாங்க முன்வரிசை திரும்பிப் பார்த்தது. ஜெராட் உட்கார்ந்தார்.

சபையை விட்டு வெளியே வந்ததும் தொலைபேசி அடித்தது. றீற்றா.

“ஏன்டா, அக்காட வயித்துல அடிச்சிட்டு நட்டஈடா தாற? தா, பாப்பம். தராட்டி வலையோட வந்து உன்ட வாசல்ல குந்துவன்!” சற்று நிறுத்திச் சொன்னாள்: “அத்தான் தோணியை அவிழ்த்திட்டார். நீ இப்படிக் கதைப்பாய் எண்டு தனக்குத் தெரியாதாம். அழுறார், விசரன்.”

படிக்கட்டில் சிறில் இறங்கி வந்தார். ஜெராட்டின் கழுத்துப்பட்டியை நேராக்கிவிட்டு வாகனத்தை நோக்கி நடந்தார். அந்த முதுகு வழமையை விட நேராக இருந்தது.

ஜெராட் அங்கே நிற்காமல், மின்தூக்கியின் பக்கம் போய்க்கொண்டிருந்த கோணாமலையை மறித்தார்.

“அண்ணே, இது நியாயமா? பெரியப்பா உங்கட வீடு தேடி வந்து, வயசான காலத்தில, வரவேணாம் எண்டு கேட்டவர். அவருக்குத் தந்த வாக்கைக் காப்பாத்த ஒண்ணாமப் போச்சா?”

கோணாமலை திரும்பினார்.

“வரவேணாம் எண்டா? தம்பி, காய்ச்சல் எண்டு படுத்திருந்த என்னை எழுப்பி, தன்ட வாகனத்தில ஏத்தி இஞ்ச கொண்டு வந்ததே அவர்தான். கேள்வியும் அவர் எழுதினதுதான், நான் வாசிச்சது மட்டும்தான்.”