தலைகீழாகத் தொங்கிய கத்தரிக்கோல்

நான்காவதாக வந்தவரும் வீட்டைப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று லிஃப்டில் இறங்கிப் போனபோது தாக் கிசோக் காலண்டரை எட்டிப் பார்த்தார். தென்கொரியாவின் பாங்யோ நகரில் இருபத்து மூன்றாம் மாடி, கண்ணாடிச் சுவர், கீழே செயற்கை நீரோடை. இருந்தும் வாடகைக்கு வர ஆளில்லை. புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் வீட்டுக்காரம்மா அவருடைய அட்வான்ஸைத் திருப்பித் தருவாள். அது வந்தால்தான் பேசி வைத்திருக்கும் அடுத்த வீட்டுக்கு அவர் போக முடியும். ஆவிகள் நடமாடாத நல்ல நாளாகப் பார்த்து லாரிக்கும் சொல்லியாகிவிட்டது. இன்னும் பத்தே நாள். தவறினால் அந்த வீடு போச்சு.

வீட்டுத் தரகர் போங் அம்மாள் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாள்.

"செருப்பு அலமாரிக்குள்ள கத்தரிக்கோலைத் தலைகீழாத் தொங்க விடுங்க. காசு குடுத்து வாங்கினது வேலைக்காகாது. கூட்டம் அம்முற விலாக்கறிச் சாப்பாட்டுக் கடையிலேர்ந்து யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வந்ததா இருக்கணும்."

கணினியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய கிசோக், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், எந்தக் கடையில் கூட்டம் அதிகம் என்று கேட்டுக்கொண்டார்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார். பசியில்லாமலே, இரண்டு பேர் சாப்பிடும் கறியை மேசை அடுப்பில் சுட்டுத் தின்று, கறி நறுக்கக் கொடுத்த கத்தரிக்கோலைக் கோட்டுப் பைக்குள் தள்ளினார். வீட்டுக்கு வந்ததும் அதைச் செருப்பு அலமாரிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டார்.

மறுநாள் வந்த தம்பதி மூக்கைச் சுளித்தார்கள். கோட்டில் ஒட்டிவந்த கறிப் புகை வீடெல்லாம் ஏறியிருந்தது. அதைப் போக்க ஜனவரிக் குளிரில் எல்லா ஜன்னலையும் திறந்து போட்டார். அடுத்து வந்தவர், தரையைச் சூடாக்க அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் கெட்டுவிட்டதா என்று கேட்டு, நுனிக்காலிலேயே திரும்பினார். கிசோக் சூட்டை உச்சத்துக்கு ஏற்றினார். அதற்கடுத்து வந்த பெண்மணி, தரைச்சூடு பொறுக்காமல் வீட்டுச் செருப்பு தேடி அலமாரியைத் திறக்க, கத்தரிக்கோல் அவள் கட்டைவிரல் பக்கத்தில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ரொம்ப நாளாக யாரும் வராத வீடு போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை மனைவி ஹேரான் தரகரிடம் பேசிவிட்டு வந்தாள்.

"என்னங்க, ஒண்ணு பத்தாதாம். போங் அம்மா இன்னொண்ணு எடுத்துட்டு வரச் சொல்றாங்க."

மூன்றே நாள் பாக்கி. மறுபடி வரிசை, மறுபடி கறி. கத்தரிக்கோல் பாதி பைக்குள் இறங்கும்போது பரிமாறும் பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கிசோக்குக்கு மானமே போயிற்று. எழுந்து இடுப்பு வளையக் குனிந்து, வீட்டுக்கு ஆள் வராத கதை முழுவதையும் ஒப்பித்தார். புது வீடு கைநழுவினால் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கெஞ்சினார்.

அவள் கத்தரிக்கோலை நன்றாகத் துடைத்து, ஒரு காகித உறையில் போட்டு அவரிடமே நீட்டினாள்.

"விடுங்க சார், தரகு வேலை பாக்கற எங்கம்மா அனுப்பின ஆள்தானே நீங்க? வெளியில வரிசையில நிக்கிறாங்களே, அத்தனை பேரும் வீடு வாடகைக்குப் போகலைன்னு அவங்க அனுப்பினவங்கதான்."